திறனே குற்றச்சான்றாகும் இடம்: காவல்துறை – பழங்குடியினர் உறவைப் பேசும் தமிழ்ப் புனைவுகள்

ஆய்வுச்சுருக்கம்

காவல்துறைக்கும் பழங்குடியினருக்கும் இடையிலான உறவைச் சீராக்குதல் குறித்த பேச்சு பெரும்பாலும் ‘நம்பிக்கை’, ‘நட்பு’ ஆகிய சொற்களைச் சார்ந்தே நடைபெறுகிறது. ‘சோளகர் தொட்டி’ (2004) நாவலையும் ‘ஜெய் பீம்’ (2021), ‘ரைட்டர்’ (2021), ‘விடுதலை – பாகம் 1’ (2023) ஆகிய திரைப்படங்களையும் இக்கட்டுரை ஒப்பிட்டு ஆராய்கிறது. பழங்குடியினரின் தொழில்திறனே அவர்கள் மீதான ஐயத்திற்குச் சான்றாக்கப்படுவதை இப்புனைவுகள் கூர்மையாகக் காட்டுகின்றன. ஆயினும் தீர்வைத் தனிமனித நற்பண்பில் தேடுகையில் அவை தம் கண்டறிதலிலிருந்தே விலகுகின்றன. உறவு மாறுவது பதிவேடு, சான்றிதழ், சாட்சி ஆகிய நடைமுறைகளின் வழியே என்பதை அப்புனைவுகளின் உட்சான்றுகளைக் கொண்டும், பழவேற்காடு ஏரிக்கரையிலுள்ள எளாவூர்ப் பகுதியின் சூழலைக் கொண்டும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: இருளர், சோளகர், காவல்துறை, ஐயம், நடைமுறை, எளாவூர், தமிழ்ப் புனைவு.

முன்னுரை

தமிழகத்தின் வடகோடியில், திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி வட்டத்தில், பழவேற்காடு ஏரியை அடுத்துள்ள ஊர் எளாவூர். சென்னை – கொல்கத்தா நெடுஞ்சாலையில் ஆந்திர எல்லைக்கு முன்பாக உள்ள சோதனைச்சாவடியின் வழியாகவே வெளியூரார் பலர் இப்பெயரை அறிந்திருப்பர். ‘யார், எங்கிருந்து, எதற்காக’ என்னும் அரசின் வினாக்கள் நாள்தோறும் ஒலிக்கும் இடம் அது. அதே ஏரிப்பகுதியில் வாழும் இருளருள் பலருக்குப் படகும் இல்லை; பெருவலையும் இல்லை. ஆழமற்ற நீரில் இறங்கிச் சேற்றைக் கைகளால் துழாவி இறால் பிடிப்பதும், பிடித்தவற்றைப் பல்லால் கவ்விய ஓலைப் பறியில் இடுவதும் அவர்தம் தொழில்முறை. ஏரியில் யார், எந்நாளில், எவ்விடத்தில் வலையிடலாம் என்பதை வரையறுக்கும் ‘பாடு’ முறை பட்டினவர் சமூகத்தின் மரபுரிமையாக வளர்ந்த ஒன்று. இருளர் அவ்வுரிமைக்கு வெளியே நிற்பவர்கள்.

தமிழகத்தில் குறிப்பாக நலிந்த பழங்குடிக் குழுக்களாக அடையாளம் காணப்பட்ட ஆறனுள் இருளரும் அடங்குவர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் அவர்கள் தொகை ஏறத்தாழ 1.9 லட்சம். எண்ணிக்கையால் சிறுபான்மையராகவும் சட்டத்தால் பட்டியல் பழங்குடியினராகவும் உள்ள இம்மக்கள் காவல்துறையுடன் கொண்ட உறவு தமிழ்ப் பொதுவெளியில் பரவலாகப் பேசப்பட்டது ‘ஜெய் பீம்’ திரைப்படத்திற்குப் பின்னரே. இன்று அப்படமும் அதனையொத்த புனைவுகளும் ஆய்வரங்குகளிலும் வகுப்பறைகளிலும் எடுத்துக்காட்டுகளாக ஆளப்படுகின்றன. ஆகவே அவை கற்பிப்பது யாது என வினவுவது திறனாய்வின் கடமையாகிறது.

இக்கட்டுரை எடுத்துக்கொண்ட நான்கு புனைவுகளுள் எதற்கும் பழவேற்காட்டுக் கரை களமாக அமையவில்லை. அதனாலேயே அக்கரையை உரைகல்லாகக் கொள்ள இயலுகிறது. மலையிலும் சிறையிலும் வழக்குமன்றத்திலும் நிகழும் இக்கதைகள் முன்வைக்கும் தீர்வு, எளாவூர் போன்ற ஓர் ஊரின் அன்றாடத்திற்குப் பொருந்துமா என்பதே இங்கு எழுப்பப்படும் வினா.

மரபில் ஒரு முன்மாதிரி

விசாரணையின்றி ஒருவனைக் கள்வனாக்கும் கதை தமிழுக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையை இந்நோக்கில் மீண்டும் வாசிக்கலாம். பொற்கொல்லன் அழைத்துவந்த ஊர்க்காவலர் கோவலனைக் கண்டதும் தயங்குகின்றனர். இவன் தோற்றம் கொலைக்குரியவனுடையது போன்றில்லை என்கின்றனர். அப்போது பொற்கொல்லன் களவுநூல் பேசத் தொடங்குகிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்னும் எட்டையும் துணையாகக் கொண்டு தொழில்புரியும் கள்வர் எவர் கண்ணிலும் படாதவர் என்று விரிக்கிறான்.

இவ்வுரையின் தர்க்கம் நுட்பமானது. கள்வன் திறன்மிக்கவன், எனவே களவின் அடையாளம் அவனிடம் தென்படாது, ஆகவே அடையாளமின்மையே அவன் கள்வன் என்பதற்குச் சான்று. சான்றின்மையைச் சான்றாக மாற்றும் இத்தர்க்கத்தின் முன் காவலரின் தயக்கம் தோற்கிறது. அவர்களுள் கல்லாத ஒருவன் வாளை வீசுகிறான். மன்னனின் ஆணையும் கையில் சிலம்பு உள்ளதா என்பதை மட்டுமே நிபந்தனையாகக் கொண்டிருந்தது. அச்சிலம்பு யாருடையது என்னும் ஆய்வுக்கு அதில் இடமில்லை. அந்த ஆய்வைக் கண்ணகி அவைக்களத்தில் நிகழ்த்துகிறாள். சிலம்பின் பரல் முத்தா மாணிக்கமா என்னும் ஒற்றை வினா போதுமானதாக இருந்தது. அவ்வினா ஒருநாள் முன்னதாக எழுப்பப்பட்டிருக்குமாயின் காப்பியத்தின் போக்கே வேறாகியிருக்கும்.

இக்காதையில் காவலர் கொடியவராகப் படைக்கப்படவில்லை என்பது கருதத்தக்கது. அவர்கள் தயங்குகிறார்கள், சிலர் மனத்தளவில் நல்லவர்கள். அந்நன்மை கோவலனைக் காக்கவில்லை. தயக்கத்தை வினாவாகவும், வினாவை நிறுத்தமாகவும் மாற்றும் முறை எதுவும் அவர்களிடம் இல்லை. இங்கு எடுத்துக்கொண்ட இக்காலப் புனைவுகளை வாசிக்க இதுவே திறவுகோலாகிறது.

திறன் சான்றாதல்

த.செ. ஞானவேல் இயக்கி 2021 நவம்பர் 2 அன்று வெளியான ‘ஜெய் பீம்’, 1993இல் கடலூர்ப் பகுதியில் நிகழ்ந்த காவல் மரணத்தையும், வழக்கறிஞராக இருந்த கே. சந்துரு சென்னை உயர்நீதிமன்றத்தில் நடத்திய ஆட்கொணர்வு வழக்கையும் அடிப்படையாகக் கொண்டது. அப்படத்தின் தொடக்கக் காட்சியில் சிறையிலிருந்து விடுதலையாகும் ஆடவர் வாயிலில் நிறுத்தப்பட்டுச் சாதி கேட்கப்படுகின்றனர். ஆதிக்கச் சாதியினர் வெளியே அனுப்பப்படுகின்றனர். ஏனையோரை, நிலுவையிலுள்ள வழக்குகளுக்கு ஆள் தேடி வந்த காவலர் பகிர்ந்துகொள்கின்றனர். குற்றத்திற்கு ஆள் தேடப்படுவதற்கு மாறாக, ஆளுக்குக் குற்றம் தேடப்படுகிறது.

இக்காட்சியின் வரலாற்று வேர் ஆழமானது. 1871இல் இயற்றப்பட்ட குற்றப் பழங்குடியினர் சட்டம் பிறப்பையே குற்றத்தின் மூலமாகக் கொண்டது. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அது சென்னை மாகாணத்திற்கும் விரிந்தது. மாகாணத்தில் 1947இலும் நாடு முழுவதும் 1952இலும் அச்சட்டம் நீக்கப்பட்டது. எனினும் வழக்கமான குற்றவாளிகள் குறித்த சட்டங்கள் அதன் இடத்தை நிரப்பின. பட்டியலில் இருந்த சமூகங்களோடு நில்லாமல், நாடோடிகளாகவும் காடுசார்ந்தோராகவும் வாழ்ந்த பிற மக்கள்மீதும் அப்பார்வை படிந்தது. 2024 அக்டோபர் 3 அன்று, சிறைகளில் நிலவும் சாதிப் பாகுபாடு குறித்துச் சுகன்யா சாந்தா வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், சீர்மரபினர் காரணமின்றிக் கைதுக்கு உள்ளாகாதிருக்கக் காவல்துறை கைது குறித்த வழிகாட்டுதல்களைப் பின்பற்ற வேண்டும் எனப் பணிக்க நேர்ந்தது. சட்டம் நீங்கி எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் பார்வை நீங்கவில்லை என்பதற்கு இதனினும் தெளிவான ஒப்புதல் தேவையில்லை.

‘ஜெய் பீம்’ இப்பொதுவரலாற்றுக்குள் ஒரு நுண்மையான கூறைச் சேர்க்கிறது. இராசாக்கண்ணு ஊர்ப் பெரியவரின் வீட்டிற்குள் நுழைவது பாம்பு பிடிப்பதற்காக, அழைக்கப்பட்டு. பின்னர் அவ்வீட்டில் நகை காணாமற்போகையில் அந்நுழைவே அவனுக்கு எதிரான ஐயமாகிறது. வீட்டின் அகத்தை அவன் அறிந்தது தன் திறனால். அத்திறன் வேண்டியே அவன் அழைக்கப்பட்டான். அவ்வறிவே அவனைக் கள்வனாக்குகிறது. பொற்கொல்லனின் தர்க்கம் இங்கு மறுபிறவி எடுக்கிறது.

திறனை அரசும் இவ்வாறே இருமுகமாக நடத்தியுள்ளது. பாம்புத்தோல் வணிகம் சட்டவிரோதமாக்கப்பட்டபோது இருளரின் வாழ்வாதாரம் ஒன்று குற்றமாக மாறியது. 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைந்து, நஞ்சுமுறி மருந்துக்கான நஞ்சை வழங்கத் தொடங்கியபோது அதே திறன் நாட்டின் பொதுநலத்திற்கு இன்றியமையாததாயிற்று. 2023இல் இருளர் இருவர் பத்மஸ்ரீ விருது பெற்றனர். ஒரே கைத்திறன், உரிமம் உள்ளபோது விருதுக்கும் இல்லாதபோது வழக்குக்கும் உரியதாகிறது.

ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ இத்தர்க்கத்தை மலைக்குக் கொண்டுசெல்கிறது. நாவலின் முற்பகுதி சோளகரின் நிலமும் காடும் சிறுகச் சிறுகப் பறிபோவதைச் சொல்கிறது. பிற்பகுதியில் வீரப்பனைத் தேடி வரும் அதிரடிப்படை தொட்டிக்குள் நுழைகிறது. காட்டின் தடங்களைச் சோளகர் அறிவர். காட்டில் ஒளிந்திருப்பவனையும் எனவே அவர்கள் அறிந்திருக்க வேண்டும் என்பதே படையின் முடிவு. அறியேன் என்பது மறைக்கிறேன் என்றே பொருள்கொள்ளப்படுகிறது. மாதி உள்ளிட்ட பெண்களும் ஆடவரும் வதைக்கப்படுவது அவர்கள் செய்த ஒன்றிற்காக அன்று. அவர்கள் அறிந்திருக்கக்கூடும் என்பதற்காக. இந்நாவலின் புற உலகச் சான்றாகத் தேசிய மனித உரிமை ஆணையம் அமைத்த சதாசிவா குழுவின் விசாரணை உள்ளது. அதன் தொடர்ச்சியாக 2007இல் 89 பேருக்கு இடைக்கால நிவாரணம் வழங்க ஆணையம் பரிந்துரைத்தது.

தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியிலும் இதுவே நிகழ்ந்தது. சந்தனக்கட்டை பதுக்கலைத் தேடுவதாக 1992 ஜூன் 20 அன்று வனத்துறையினரும் காவல்துறையினரும் வருவாய்த்துறையினரும் ஊருக்குள் புகுந்தனர். காட்டருகே வாழ்தலே ஓர் ஊர் முழுவதற்கும் குற்றமானது. குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் உயிருடன் இருந்த 215 பேரும் 2011இல் தண்டிக்கப்பட்டனர். 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. நிகழ்வுக்கும் இறுதியுறுதிக்கும் இடையில் 31 ஆண்டுகள்.

நல்ல காவலர் என்னும் தீர்வு

சிக்கலை இவ்வளவு கூர்மையாகக் கண்ட புனைவுகள் தீர்வை எங்கே வைக்கின்றன? ‘ஜெய் பீம்’ இரண்டு தனிமனிதரிடம் வைக்கிறது: வழக்கறிஞர் சந்துரு, காவல்துறைத் தலைவர் பெருமாள்சாமி. தொடக்கத்தில் துறைசார்ந்த கண்ணோட்டத்துடன் வரும் பெருமாள்சாமி, பொய்வழக்குகளுக்கு உள்ளான மக்களின் வாக்குமூலங்களை நேரில் கேட்டபின் மனம் மாறுகிறார். காட்சியின் உணர்ச்சி அவர் முகத்தில் குவிகிறது. பார்வையாளரின் நிம்மதியும் அங்கேயே பிறக்கிறது. நீதி கிட்டுவதற்கு உயரலுவலர் ஒருவரின் மனமாற்றம் தேவைப்பட்டது என்னும் செய்தி அறியாமலே பதிகிறது.

இத்தீர்வின் எல்லையை ‘விடுதலை – பாகம் 1’ காட்டிவிடுகிறது. ஜெயமோகனின் ‘துணைவன்’ சிறுகதையை அடிப்படையாகக் கொண்டு வெற்றிமாறன் இயக்கிய இப்படத்தில், கரடியால் தாக்கப்பட்ட மலைவாழ் பெண்ணைக் காவல் வண்டியில் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்கிறான் குமரேசன். அதற்காக மேலதிகாரி அவனிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்கிறார், தவறு செய்யவில்லை என அவன் மறுக்கிறான், தண்டனை தொடர்கிறது. காவலர் ஒருவர் மக்களுடன் நல்லுறவு கொள்வதைத் தடுப்பது அவர் மனமா, அவர் பணிபுரியும் அமைப்பின் விதியா என்னும் வினாவை இக்காட்சி தெளிவாக எழுப்புகிறது.

படத்தின் இறுதிப்பகுதி இன்னும் கூர்மையானது. பெண்கள் காவலில் வதைக்கப்படுகையில், தமிழரசியையும் பிறரையும் மீட்க வேண்டிக் குமரேசன் தானே முன்வந்து பெருமாள் வாத்தியாரைப் பிடிக்க உதவுகிறான். அவனது அன்பு மெய்யானது. ஆனால் அவ்வன்பின் விளைவாக நிறைவேறுவது அமைப்பின் நோக்கமே. வதையின் முறை அப்படியே நிலைக்க, நல்லவன் அதன் வெற்றிக்குக் கருவியாகிறான். கோவலன் முன் தயங்கி நின்ற காவலரின் வாரிசாகவே குமரேசனைக் கொள்ளலாம்.

புனைவுக்கு வெளியிலும் நட்பின்வழி உறவை வளர்க்கும் முயற்சிகள் நடந்தன. 1993இல் இராமநாதபுரத்தில் பிரதீப் பிலிப் என்னும் காவல் அலுவலரால் தொடங்கப்பட்ட ‘காவல்துறை நண்பர்கள்’ இயக்கம் மாநிலம் முழுதும் பரவியது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு இறந்த பின்னர், அவ்வமைப்பைச் சார்ந்தோர் மீதும் குற்றச்சாட்டுகள் எழ, அரசு 2020 ஜூலையில் அதனைத் தடை செய்தது. தொடங்கியவரின் நோக்கத்தை இங்கு ஐயுறத் தேவையில்லை. பொறுப்புக்கூறல் வரையறுக்கப்படாத நட்பு, அதிகாரமுடையோர் பக்கம் சாய்ந்துவிடும் என்பதே கருதத்தக்கது. அவ்வியக்கம் தொடங்கிய அதே 1993இல்தான் இராசாக்கண்ணு வழக்கின் நிகழ்வும், விழுப்புரம் மாவட்டம் அத்தியூரில் இருளர் பெண்ணொருவர் மீதான கொடுமை தொடர்பாகப் புதுச்சேரிக் காவலர்கள் மீது எழுந்த வழக்கும் நிகழ்ந்தன. அத்தியூர் நிகழ்வையொட்டிய போராட்டத்தின் தொடர்ச்சியாகப் பேராசிரியர் பிரபா கல்விமணியின் முன்முயற்சியில் உருவான பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் நட்பைக் கோரவில்லை. வழக்குப் பதிவையும் சாதிச் சான்றிதழையும் பட்டாவையும் கோரியது.

நம்பிக்கை என்னும் சொல்லிலும் ஒரு சமனின்மை உண்டு. உறவைச் சீராக்குவது பற்றிய உரைகள் பழங்குடியினர் காவல்துறையை நம்ப வேண்டும் என்றே பெரும்பாலும் கேட்கின்றன. பழங்குடியினரைக் காவல்துறை நம்ப வேண்டும் என்னும் கோரிக்கை அரிது. ஐயத்திற்கு உள்ளானவரிடமே நம்பிக்கையையும் கேட்பது அவர்மேல் இரட்டைச் சுமையை ஏற்றுவதாகும்.

எழுதுகோல் யார் கையில்

தனிமனித நற்பண்பைக் கொண்டாடும் அதே ‘ஜெய் பீம்’ தன் கதைக்கட்டமைப்பில் வேறொன்றைச் சொல்கிறது. கைதானோர் தப்பியோடினர் என்னும் காவல் நிலையக் கூற்று உடைவது எவருடைய மனமாற்றத்தாலும் அன்று; சொல்லுக்கும் பதிவுக்கும் இடையிலான முரண்களால். உடல் வேறொரு காவல் எல்லைக்குள் கிடத்தப்பட்டதும், அங்கு அடையாளமற்றதாகப் பதிவானதும் வெளிப்படுகையில் வழக்கு திரும்புகிறது. எல்லை என்பது இங்கு பொறுப்பைக் கைமாற்றும் கோடாகச் செயல்பட்டது. இரு மாநிலங்களின் காவல் எல்லைகள் சந்திக்கும் எளாவூர் போன்ற பகுதியில் வாழ்வோருக்கு இக்காட்சி வெறும் கதைத்திருப்பமாகத் தோன்றாது.

படத்தில் அதிகம் பேசப்படாத மற்றொரு காட்சித்தொடர் இருளர் சாதிச் சான்றிதழும் வாக்காளர் பட்டியலில் இடமும் கேட்டு மறுக்கப்படுவது. இதனைச் சமூகப் பின்னணி விவரமாகக் கடந்துவிடுதல் பிழை. காவல்துறையுடனான உறவின் மையமே அதில் உள்ளது. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்கு நிலைபெறப் பாதிக்கப்பட்டவர் பட்டியல் இனத்தவர் அல்லது பழங்குடியினர் என்பது நிறுவப்பட வேண்டும். தமிழகத்தில் பழங்குடியினர்க்கான சான்றிதழை வழங்குபவர் வருவாய்க் கோட்ட அலுவலர். அச்சான்றிதழ் இல்லாதவரின் புகார் சாதாரணக் குற்றவழக்காகச் சுருங்கும் வாய்ப்பு மிகுதி. அவ்வாறு சுருங்கின், துணைக் காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அலுவலரே விசாரிக்க வேண்டும் என்னும் 1995ஆம் ஆண்டு விதியின் பாதுகாப்பும், 2015 திருத்தத்தின்வழிச் சேர்ந்த 15அ பிரிவு பாதிக்கப்பட்டோர்க்கும் சாட்சிகளுக்கும் தரும் உரிமைகளும் அவரை எட்டா. வருவாய் அலுவலகத்தில் தேங்கும் ஒரு தாள் காவல் நிலையத்தில் ஒருவரின் தகுதியைத் தீர்மானிக்கிறது. படம் வெளியான அதே வாரத்தில், 2021 நவம்பர் 4 அன்று, மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் முதலமைச்சர் நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குச் சாதிச் சான்றிதழும் பட்டாவும் நேரில் வழங்கினார். அந்நிகழ்வு உவகைக்குரியது. எனினும் நடைமுறையில் கிட்டவேண்டியது விழாவில் கிட்டியது என்பதையும் மறத்தலாகாது.

எழுத்து தன்னளவில் விடுதலையன்று என்பதை ‘ரைட்டர்’ நினைவூட்டுகிறது. பிராங்க்ளின் ஜேக்கப் இயக்கிய இப்படத்தின் நாயகர் தங்கராஜ் காவல் நிலைய எழுத்தர். காவலர் நலன் குறித்து ஆராயும் ஆய்வு மாணவன் தேவகுமார் பொய்வழக்கில் சிக்கவைக்கப்படுவது அவரது எழுத்தின் துணையோடு. காவலர்க்குச் சங்கம் வேண்டும் என வாதாடியவரே ஆணைக்குப் பணிந்து பொய்யை எழுதுகிறார். பழங்குடியினரைப் பற்றிய படம் அன்றெனினும் இது இங்கு இரு வகையில் பொருந்துகிறது. முதலாவது, பதிவேட்டின் மதிப்பு அதனை எழுதுபவரையும் சரிபார்ப்பவரையும் பொறுத்தது. இரண்டாவது, மேலதிகாரியின் முறையற்ற ஆணையை மறுக்கும் பாதுகாப்பு கடைநிலைக் காவலர்க்கு இல்லாதவரை, விளிம்புநிலை மக்களுடன் அவர் முறையாக நடப்பதற்கான வாய்ப்பும் குறைவு. குமரேசன் மறுத்துத் தண்டனை பெறுகிறான். தங்கராஜ் பணிந்து குற்றவுணர்வு பெறுகிறார். இருவர் நிலையும் ஒரே குறைபாட்டின் இரு முகங்கள்.

சட்டத்தின் சொற்களையும் இதே கண்கொண்டு வாசிக்க வேண்டும். டி.கே. பாசு வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகளின்படி, கைதுக் குறிப்பாணையில் குடும்பத்தினர் ஒருவரோ, அப்பகுதியின் மதிப்புக்குரியவர் ஒருவரோ சாட்சியாக ஒப்பமிட வேண்டும். 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் இதனைத் தொடர்கிறது. இருளர் குடியிருப்பை அடுத்த ஊரில் மதிப்புக்குரியவர் யார்? ‘ஜெய் பீம்’ காட்டும் உலகில் அவர் புகார் கொடுத்த நிலவுடைமையாளராகவோ அவரைச் சார்ந்தவராகவோ இருக்கவே வாய்ப்பு மிகுதி. பாதுகாப்பிற்கென வகுக்கப்பட்ட சொல்லே ஊரின் படிநிலையைக் காவல் நிலையத்திற்குள் கொண்டுவரக்கூடும். படிக்கத் தெரியாத குடும்பத்தினரின் ஒப்பம் வெற்றுக் கைநாட்டாகவும் முடியலாம். இந்நோக்கில், படத்தில் மித்ரா நடத்தும் முதியோர் வகுப்பு மனிதநேயப் பணி என்பதற்கும் மேலானது. அது காவலில் உள்ளோரின் உயிர்ப்பாதுகாப்புடன் தொடர்புடையது.

புனைவுகள் காணாத களம்

இப்புனைவுகள் உச்சநிலை வன்முறையை மையமாகக் கொண்டவை. அதனால் இரு பகுதிகள் அவற்றின் பார்வைக்கு வெளியே நின்றுவிடுகின்றன.

முதலாவது, காவல்துறை பழங்குடியினர்க்குத் தேவைப்படும் தருணம். திருவள்ளூர் மாவட்டத்தின் அரிசி ஆலைகளிலிருந்தும் செங்கற்சூளைகளிலிருந்தும் இருளர் குடும்பங்கள் கொத்தடிமை நிலையிலிருந்து மீட்கப்பட்டுள்ளன. 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டத்தின்படி வருவாய் நிர்வாகம் விடுவிப்புச் சான்று வழங்குகிறது. முன்பணம் தந்தவரின் மிரட்டலிலிருந்து பாதுகாப்பதும் அவர்மீது வழக்குப் பதிவதும் காவல்துறையின் பணி. இவ்விடத்தில் காக்கியுடை அச்சத்தின் அடையாளமாக இருக்க வேண்டியதில்லை. அதே குடும்பம் அடுத்த திங்களில் ஒரு திருட்டு வழக்கில் ஐயத்தின்பேரில் அழைக்கப்படுமாயின் மீட்பின்வழி பிறந்த உறவு ஒரே இரவில் அழியும். ஒரே துறையின் இவ்விரு முகங்களையும் ஒரே குடும்பத்தின் கண்வழிக் காணும் புனைவு தமிழுக்குத் தேவை. காவலரைக் கொடியோர், நல்லோர் எனப் பிரிக்கும் கதைமரபு அவ்வனுபவத்தைத் தாங்காது.

இரண்டாவது, கடற்கரை. 2008 நவம்பர் மும்பைத் தாக்குதலுக்குப் பின்னர் கடலோரப் பாதுகாப்பு விரிவடைந்தது. தமிழகத்தில் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் வலுப்பெற்றது. மீனவர்க்கு உயிரியளவு அடையாள அட்டைகள் வழங்கப்பட்டன. மீனவரைக் கடற்காவலின் கண்களும் காதுகளும் எனக் குறிப்பிடுவது வழக்காயிற்று. இங்கு திறன் ஐயத்திற்குரியதாக இல்லாமல் கூட்டுறவுக்குரியதாக மதிக்கப்படுவது வரவேற்கத்தக்க மாற்றம். எனினும் அம்மதிப்பு பதிவின்வழி வருகிறது: படகு, உரிமையாளர், எண், அட்டை. படகில்லாதவர் படகுப் பதிவேட்டில் இடம்பெறுவதில்லை. கையால் இறால் பிடிக்கும் இருளர் ஏரியின் ஆழமற்ற பரப்பையும் ஓதத்தின் போக்கையும் கரையின் மறைவிடங்களையும் எவரையும்விட நெருங்கி அறிந்தவர். காட்டை அறிந்த சோளகர் பட்டதை எண்ணுகையில், பதிவற்ற அறிவு எத்துணை எளிதில் ஐயமாக மாறக்கூடும் என்பது விளங்கும். எனவே அவர்களைத் தொழில்புரிவோராக அங்கீகரிக்கும் ஆவணம், உதவித்தொகைக்கு மட்டுமன்றி, இரவில் ஏரிக்கரையில் நிற்பதற்கான உரிமைக்கும் அடிப்படையாகிறது.

இப்புனைவுகளின் பொதுக்குறை ஒன்றையும் சுட்டுதல் வேண்டும். ‘ஜெய் பீம்’ அடிப்படையாகக் கொண்ட வழக்கில் உயிரிழந்தவர் இருளர் சமூகத்தவர் அல்லர். குறவர் எனச் சுட்டப்படுபவர். திரைப்படம் கதையை இருளர்க்கு மாற்றியது. புனைவுக்கு அவ்வுரிமை உண்டு. ஆயினும், பிறப்பைக்கொண்டு மக்களைத் தொகுத்த காவல் பதிவேட்டை எதிர்க்கும் ஒரு படைப்பு, தானும் ஒரு சமூகத்தின் துயரை மற்றொன்றின்மேல் எளிதாக ஏற்ற இயன்றது எவ்வாறு என்பது சிந்தனைக்குரியது. பழங்குடியினர் என்னும் பொதுப்பெயருக்குள் தனித்தனிச் சமூகங்களின் வரலாறு கரைவதைத் திறனாய்வு கண்டுகொள்ளாதிருத்தல் தகாது.

முடிவுரை

‘ஜெய் பீம்’ படத்தின் இரு காட்சிகளை ஒருங்கே வைத்துப் பார்க்கலாம். ஒன்றில், காவல் நிலையத்திலிருந்து வெளியேறும் செங்கேணியை வண்டியில் கொண்டுவிட மேலிடத்து ஆணை வருகிறது. அவள் மறுத்து நடக்கிறாள். காவல் வண்டி அவள் பின்னே ஊர்ந்து வருகிறது. காவல்துறை காட்டும் இத்திடீர்ப் பரிவை அவள் உறவாக ஏற்கவில்லை. மற்றொன்றில், அவள் மகள் அல்லி நாற்காலியில் அமர்ந்து நாளிதழை விரிக்கிறாள். முதற்காட்சி மறுப்பதையும் இரண்டாம் காட்சி வேண்டுவதையும் சேர்த்து வாசித்தால் படத்தின் வெளிப்படையான நாயகமரபைத் தாண்டிய ஒரு கருத்து கிட்டுகிறது. பரிவு வேண்டாம், எழுதப்பட்டதைப் படிக்கவும் கேள்வி கேட்கவும் உரிய இடம் வேண்டும்.

இவ்வாய்வின் முடிவுகளைப் பின்வருமாறு தொகுக்கலாம். பழங்குடியினரின் திறனைக் குற்றச்சான்றாக்கும் தர்க்கம் சிலப்பதிகாரக் காலம்தொட்டுத் தமிழ் இலக்கியம் கண்டறிந்த ஒன்று. இக்காலப் புனைவுகள் அதனைச் சிறப்பாகத் தொடர்கின்றன. தீர்வை நல்லவரிடம் ஒப்படைக்கையில் அவை பலவீனமடைகின்றன. ‘விடுதலை’ மட்டும் அப்பலவீனத்தையே கதைப்பொருளாக்குகிறது. நான்கு படைப்புகளின் உட்சான்றுகளும் சான்றிதழ், நேரப்பதிவு, சாட்சி, மறுக்கும் உரிமை ஆகியவற்றையே உறவின் திருப்புமுனைகளாகக் காட்டுகின்றன. இவற்றை வகுப்பறையில் கற்பிக்கும் ஆசிரியர்கள் பெருமாள்சாமியின் மனமாற்றத்தோடு நின்றுவிடாமல், கைதுக் குறிப்பாணையில் ஒப்பமிட்டவர் யார் என்னும் வினாவையும் மாணவர் முன் வைத்தல் பயனுடையது.

எளாவூர்க் கரையில் இருளர் ஒருவரும் காவலர் ஒருவரும் எதிர்ப்படும் கணத்தில் இருவரும் நல்லவராக இருப்பது விரும்பத்தக்கது. அவர்கள் அவ்வாறு இல்லாதபோதும் எவருக்கும் தீங்கு நேராதபடி அமைவதே சீரான உறவு. அதனை எழுதும் புனைவுக்குத் தமிழ் காத்திருக்கிறது.